வெளியே உட்கார்ந்திருந்த செயலாளர்

சுனாமி வந்த மூன்றாம் நாள், சிதம்பரம் நகராட்சியிலிருந்து எங்களில் சிலரைக் கடலூருக்கு அனுப்பினார்கள். துப்புரவு, குடிநீர், சுகாதாரம் என்று பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் ஒரு பிரிவு இருந்தது. என் பெயருக்கு எதிரில் ‘இதர’ என்று எழுதியிருந்தார்கள். நான் நகராட்சிப் பூங்காவின் மேற்பார்வையாளர். செடிகளுக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்ப்பதும், ஊஞ்சல் சங்கிலி தேய்ந்தால் எழுதிப் போடுவதும், காலையிலும் மாலையிலும் கதவைத் திறந்துவிடுவதும் என் வேலை. பிணங்களைத் தேடிக்கொண்டிருந்த ஊரில் எனக்கு என்ன வேலை கொடுப்பது என்று அங்கே இருந்த அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கடற்கரைக் குடும்பங்களைத் தங்கவைத்திருந்தார்கள். அங்கே போய் இருங்கள் என்றார்கள்.

அங்கேதான் அவளை முதலில் பார்த்தேன். மணமேடையின் விளிம்பில் நின்றுகொண்டு, என் வயதுள்ள ஒரு பெண் செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். காணாமல் போனவர்களின் பெயர்கள், ஆஸ்பத்திரியில் இருப்பவர்களின் பெயர்கள், அடையாளம் தெரிந்த உடல்களின் பெயர்கள். படிக்கத் தெரிந்தவர்கள்கூட அந்தத் தாளைத் தாங்களாகத் தொடப் பயந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் அவள் கொஞ்சம் நிறுத்தினாள். கூட்டத்தில் யாராவது கதறினால், தாளை மடித்து வைத்துவிட்டு இறங்கிப்போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கடற்கரையை ஒட்டி நகராட்சிக்கு ஒரு படிப்பகம் இருந்ததாகவும், அவள் அதன் பொறுப்பாளர் என்றும் சொன்னாள். மேஜை, பெஞ்சு, அலமாரி எல்லாவற்றையும் தண்ணீர் வாரிக்கொண்டு போய்விட்டது. தினமும் கதவு திறப்பதற்கு முன்னாலேயே படிக்கட்டில் வந்து காத்திருக்கும் இரண்டு பெரியவர்களும் போய்விட்டார்கள்.

“ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசைக்குப் போறதால லேட்டாத்தான் தொறக்கறது. நேரத்துக்கு தொறந்திருந்தா அவுங்க உள்ள இருந்திருப்பாங்க. நானும் இருந்திருப்பேன்” என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“உன்ன எந்தப் பிரிவுல போட்டிருக்காங்க?” என்று கேட்டாள்.

“இதர.”

அவள் சிரித்துவிட்டாள். அந்த மண்டபத்தில் சிரித்ததற்காக உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். “நானும் இதரதான்” என்றாள்.

அப்படித்தான் நாங்கள் சிநேகிதிகள் ஆனோம். இருவருமே தொகுப்பூதியத்தில் இருந்தவர்கள். மாதம் ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிட்டு, விடுப்பு, ஓய்வூதியம் என்று எதுவும் இல்லாமல், நாளைக்கு வராதே என்றால் வராமல் இருக்கவேண்டிய வேலை. நான் புவனகிரிக்காரி, விவசாயக் குடும்பம். என் கணவர் தனியார் பஸ்ஸில் நடத்துனர். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பத்தோடு கடலூரில் இருந்தாள்.

சங்கம் அவளுடைய யோசனை. சுனாமிக்கு அடுத்த வருஷம், மாவட்டத்தில் நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் எங்களைப் போன்றவர்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று அவள் தேட ஆரம்பித்தாள். பூங்காக்காரர்கள், படிப்பகக்காரர்கள், விளையாட்டுத் திடலைப் பார்த்துக்கொள்கிறவர்கள், பேரூராட்சி டி.வி. அறையைத் திறந்து மூடுகிறவர்கள். ஜனங்கள் வந்து இளைப்பாறிப் போகிற இடங்களைக் காப்பாற்றுகிறவர்கள் நாம்தான், நமக்கென்று ஒரு கூட்டு வேண்டும் என்றாள். வார ஓய்வு நாட்களில் இருவரும் பஸ் ஏறிப் போவோம். திட்டக்குடி வரை போயிருக்கிறோம். என் கணவரின் நண்பர்கள் ஓட்டும் பஸ்களில் எங்களுக்கு முன் சீட்டு கிடைக்கும். வழி முழுக்க அவள் பேசிக்கொண்டே வருவாள்.

முதல் கூட்டத்தைச் சிதம்பரத்தில் ஒரு நகராட்சிப் பள்ளி வகுப்பறையில் நடத்தினோம். பெரியவர்கள் எல்லோரும் சின்ன பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கோரிக்கைகளை எழுதலாம் என்று நான் ஆரம்பித்தேன். அவள் தடுத்தாள்.

“கோரிக்க அப்பறம். இந்த வாரம் நீங்க என்னா வேல பாத்தீங்க, அத மொதல்ல சொல்லுங்க. நம்ம வேல என்னான்னு நமக்கே தெரியாம அடுத்தவன்கிட்ட என்னா கேக்கறது?”

திட்டக்குடியிலிருந்து வந்த டி.வி. அறைக்காரர் எழுந்தார். “நான் பட்டன் அமுக்குறவன், அவ்ளோதான்” என்றார். அவள் விடவில்லை. கேட்கக் கேட்க அவர் சொன்னார். அவருடைய அறைக்கு ஒரு அம்மா தினமும் வருவாராம். டி.வி.யைப் பார்க்க மாட்டாராம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு, எல்லோரும் எழுந்து போகும்போது எழுந்து போவாராம். வீட்டில் தனியாக இருக்க முடியாமல் வருகிறார் என்று தெரிந்து, அவர் வராத அன்றைக்கு இவர் போய் விசாரித்துவிட்டு வருவாராம். “அது வேலயான்னு எனக்குத் தெரியல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

புவனகிரிப் பூங்காவைப் பெருக்கும் பெண் எழுந்தாள். காலையில் பெஞ்சில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், அவரை எழுப்பாமல் சுற்றிலும் பெருக்கிவிட்டு அந்த இடத்தை மட்டும் கடைசியாகப் பெருக்குவேன் என்றாள். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என் சிநேகிதி எல்லாவற்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அச்சு மாதிரிக் கையெழுத்து அவளுக்கு.

அன்றைக்கே பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவளைத் தலைவராக்க வேண்டும் என்று நான் எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“நீ இரு. நீ பேசினா ஆபீசருங்க நிமுந்து பாக்கறாங்க. நான் பேசினா பாதியில அழுதுடறேன். நான் செயலாளரா இருந்துக்கறேன்.”

அப்படித்தான் நான் தலைவரானேன். தலைவரம்மா என்று மற்றவர்கள் கூப்பிடுவார்கள். அவள் மட்டும் ‘தலைவரே’ என்று கேலியாகக் கூப்பிடுவாள். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது. கூட்டங்களில் நடுநாற்காலி, கழுத்தில் துண்டு, மைக்கில் என் குரல் திரும்பி என் காதிலேயே விழுவது எல்லாமே பிடித்திருந்தது. அதுவரை என் வாழ்க்கையில் யாரும் நான் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்ததில்லை.

நாலைந்து வருஷத்தில் கொஞ்சம் காரியங்கள் நடந்தன. எல்லோருக்கும் அடையாள அட்டை வாங்கினோம். பூங்காக்களில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டோம், பல இடங்களில் கிடைத்தது. முதலுதவிப் பயிற்சி நடத்தினோம். அவள் சொல்வாள், நான் பேசுவேன். ஊருக்குத் தெரிந்தது நான்தான். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பெரிய கோரிக்கை பணி நிரந்தரம். எல்லோரையும் ஒரே பட்டியலாக அனுப்ப வேண்டும், பிரித்து அனுப்பக் கூடாது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டிருந்தோம். அதையும் அவள்தான் எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

2009 மழைக்காலத்தில் ஒருநாள் கடலூரில் ஓர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். இருவரும் போனோம். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து உதவியாளர் வந்து, “தலைவரம்மாவ மட்டும் வரச் சொல்றாரு” என்றார். அவள் ஃபைலை என்னிடம் கொடுத்தாள். “போய்ட்டு வா தலைவரே, நான் இங்கதான் இருக்கேன்” என்றாள்.

உள்ளே இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், மின்விசிறியைக் கூட்டி வைத்தார். எங்கள் பட்டியலைப் புரட்டிவிட்டுச் சொன்னார்:

“அம்மா, நான் உங்களுக்கு ஒரு நல்லது செய்யலாம்னு பாக்கறேன். பூங்கா, விளையாட்டுத் திடல், இதெல்லாம் முழுநேரம். டி.வி. ரூம்காரங்கள பூங்காக் கணக்குல சேத்துடலாம். படிப்பகம்தான் இடிக்குது. காலையில மூணு மணி நேரம், சாயந்திரம் மூணு மணி நேரம். பகுதிநேரம்னு எழுதி மொத்த ஃபைலையும் திருப்பிடுவாங்க. படிப்பகத்த எடுத்துட்டு ஒரு லெட்டர் குடுங்க. அவுங்கள ரெண்டாவது பட்டியல்ல போட்டுக்கலாம்.”

“எல்லாரும் ஒரே பட்டியல்னு தீர்மானம் இருக்குது சார்.”

“அப்ப யாருக்கும் வராது. இன்னிக்கு சாயந்திரம் தபால்ல போவணும். அப்பறம் நானே இங்க இருப்பனான்னு தெரியாது.”

“செயலாளர் வெளியில இருக்காங்க. ஒரு வார்த்த கேட்டுட்டு…”

அவர் சிரித்தார். கிண்டலாக இல்லை, சாதாரணமாகத்தான். “தலைவர் நீங்கதானம்மா?”

அந்த அறைக்குப் பாதிக்கதவுதான். அதன் அடியில் தாழ்வாரத்துப் பெஞ்சின் கால்களும் அவளுடைய பாதங்களும் தெரிந்தன. ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் காலால் இன்னொரு கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். கொசு கடித்திருக்கும். எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். நான் எழவில்லை.

ஏன் எழவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே பலவிதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். திட்டக்குடிக்காரருக்கும் புவனகிரிப் பெண்ணுக்கும் அவர்களைப் போன்ற பலருக்கும் வேலை நிலைக்கும் என்பது உண்மை. படிப்பகக்காரர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதும் உண்மை. ஆனால் முதல் பட்டியலில் என் பெயரும் இருந்தது. வெளியே போய்க் கேட்டு, அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அவள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் கையெழுத்துப் போட முடியாது. அதனால்தான் கேட்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சொன்னபடி, என் கையாலேயே கடிதத்தை எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்தபோது அவள் எழுந்து நின்றாள்.

“என்னா சொன்னாரு?”

“பாக்கலாம்னாரு.”

“அவ்ளோதானா? இவ்ளோ நேரம் ஆச்சே?”

“ஃபைல புரட்டிக்கினே இருந்தாரு.”

மழை தூறிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த கடைக்கு ஓடினோம். எனக்குச் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாள். பஸ் ஏற்றிவிட்டு, பஸ் திரும்பும்வரை நின்று கையாட்டினாள்.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னேன். அவர் ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தப் புள்ளைகிட்ட சொல்லிட்டியா?” என்றார்.

“இல்ல மாமா. எப்டி சொல்றதுன்னு…”

“நாளைக்கே சொல்லிடு. நாளாவ நாளாவ வாய் வராது.”

அவர் சொன்னது போலத்தான் ஆயிற்று. அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த வாரம் அவள் அண்ணிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. பொங்கல் கழித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். இதற்குள் செயற்குழு கூடியது. ‘அனைத்துப் பிரிவினரையும் உள்ளடக்கிய பட்டியல் அரசின் பரிசீலனையில் உள்ளது’ என்று அவள் தன் அழகான எழுத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, என் பக்கம் தள்ளினாள். நான் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடிதம் ஒரு தப்பென்றால், இது அதைவிடப் பெரிய தப்பு. அந்த அறையில் எனக்கு அவசரம் இருந்தது என்று சொல்லலாம். இங்கே ஓர் அவசரமும் இல்லை. தட்டில் பிஸ்கட் இருந்தது, எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருஷம் உத்தரவு வந்தது. பூங்காவில் வெடி வெடித்தார்கள். பெரிய ரோஜா மாலை, கேசரி, மேளம்கூட ஏற்பாடு செய்திருந்தார்கள். திட்டக்குடிக்காரர் பஸ் பிடித்து வந்து, மனைவியோடு என் காலில் விழப் பார்த்தார். பிடித்து நிறுத்தினேன். அந்தக் கூச்சலுக்கு நடுவே அவளிடமிருந்து போன் வந்தது.

“தலைவரே! ஆர்டர் வந்துடுச்சாமே!” அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். “எங்களத்தான் விட்டுட்டானுங்க. அவனுங்க புத்தி அப்டித்தான், பிரிச்சிட்டானுங்க. பரவால்ல. ரெண்டாவதா வாங்கிடலாம். நீ இருக்கியே.”

நான் ‘ம்’ என்றேன். மேளச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அரசாங்க உத்தரவுகளில் மேலே ‘பார்வை’ என்று போட்டு, எந்தெந்தக் கடிதங்களின் பேரில் இந்த முடிவு எடுக்கப்பட்டது என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். யாரும் அதைப் படிப்பதில்லை, நேராகப் பெயர்ப் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். அவள் எதையும் முதல் வரியிலிருந்து படிக்கிறவள். பத்து நாள் கழித்து அவள் கையில் நகல் கிடைத்திருக்கிறது. ‘பார்வை மூன்று: சங்கத் தலைவரின் கடிதம்’ என்று இருந்தது. பக்கத்தில் தேதியும் இருந்தது.

ஒரு மத்தியானம் அவள் வந்தாள். பூங்கா சாத்தியிருக்கும் நேரம். வெளியே நின்று கம்பிக் கதவைத் தட்டினாள். திறந்துவிட்டேன். உள்ளே வந்து நிழலில்கூட ஒதுங்கவில்லை. வெயிலில் வந்த களைப்பில் முகம் கன்றியிருந்தது.

“பார்வ மூணு என்னான்னு நீ படிச்சியா?” என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அது அன்னிக்கு தேதி. நான் வெளியதான உக்காந்திருந்தேன்?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். நாள் தள்ளித் தள்ளி…”

“சொல்றது இருக்கட்டும். அன்னிக்கு கதவத் தள்ளிட்டு வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. போடு கையெழுத்தன்னு நானே சொல்லியிருப்பனே.”

“அப்டி சொல்லியிருப்பியா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், எதற்கும் அழுதுவிடுகிறவள். அன்றைக்கு அழவில்லை.

“இனிமே அது உனக்குத் தெரியவே தெரியாது” என்றாள்.

துணிப்பையிலிருந்து தீர்மானப் புத்தகங்களையும் சங்கத்து முத்திரையையும் எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். டீ சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். பஸ் இருக்கிறது என்றாள். நான் கதவு வரைக்கும் போனேன். அவள் திரும்பிப் பார்க்காமல் தெருவோரமாக நடந்து போனாள்.

அதற்குப் பிறகு இரண்டாவது பட்டியலுக்காக நான் அலையாத அலுவலகம் இல்லை. அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், “எந்த ரெண்டாவது பட்டியல்? எழுத்துல இருக்குதா?” என்று கேட்டார். இல்லை. என் கடிதம் மட்டும்தான் எழுத்தில் இருந்தது. ஒரு அலுவலகத்தில் ஒருவர் அதையே எடுத்துக் காட்டினார். “படிப்பகத்த எடுத்துடுங்கன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா” என்றார்.

2011 தொடக்கத்தில் அவளுடைய படிப்பகத்தை மூடினார்கள். சுனாமிக்குப் பிறகு புதிதாகக் கட்டிய கட்டடம்தான். வரி வசூல் செய்ய இடம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். கேள்விப்பட்டதும் செயற்குழுவைக் கூட்டினேன். மனு கொடுப்போம், போராடுவோம் என்றேன். அதற்குள் அவளிடமிருந்து சங்க முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. அதே அச்சு மாதிரிக் கையெழுத்தில் ஒரே வரி: ‘என் பொருட்டு சங்கம் எதுவும் பேச வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.’

கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். ஆடி மாதம், தள்ளுபடிக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த ஒரு நாளில் போனேன். மாடியில் புடவைப் பிரிவில் நின்றிருந்தாள். கடை கொடுத்த ஊதா நிறப் புடவை, நெஞ்சில் பெயர் அட்டை. ரொம்ப இளைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“என்ன பாக்கறீங்க மேடம்? காட்டனா, சில்க்கா?”

“உங்கிட்ட பேசணும்னு வந்தேன்.”

“எந்த ரேட்டுல எடுக்கலாம் மேடம்?”

பக்கத்தில் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். அவளுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று, காட்டன் காட்டச் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்து விரித்தாள். முந்தானையைப் பிரித்துக் காட்டினாள், ஓரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நான் ஒன்றைக் காட்டினேன். அதை மடித்துப் பையில் போட்டு, சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, “அடுத்த கஸ்டமர் வாங்க” என்றாள். ஐந்து வருஷம் ஒரே சீட்டில் உட்கார்ந்து பஸ்ஸில் போனவள் என்னை மேடம் என்றாள். அந்தப் புடவையை நான் கட்டவில்லை. யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ‘தானே’ புயல் வந்தது. எங்கள் பூங்காவில் தூங்குமூஞ்சி மரம் இரண்டு வேரோடு சாய்ந்தன. கடலூரில் அதைவிட மோசம். தெருவுக்குத் தெரு மரங்கள் குறுக்கே கிடந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சங்கத்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு அங்கே மரம் அறுக்கப் போனோம். மூன்றாம் நாள், அதுவரை நான் போயிராத அவள் அண்ணன் வீட்டைக் கேட்டுக் கேட்டுத் தேடிப் போனேன். ஓட்டுக் கூரையில் பாதியைக் காணோம், தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அவள் அண்ணி வாசலில் ஈரப் பாயை விரித்துக்கொண்டிருந்தார்.

“அவ இங்க இல்லீங்க” என்றார். “தீவாளிக்கு அப்பறமே கெளம்பிட்டா. பாண்டிச்சேரியில ஒரு ஹாஸ்டல்ல வார்டன் வேல. தங்கிக்கிற எடமும் அங்கயே.”

நான் யார் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். “நீங்கதானா? ஒங்களப்பத்தி எப்பப் பாத்தாலும் பேசிக்கினு இருப்பா. அப்பறம் பேச்ச நிறுத்திட்டா. என்னா ஏதுன்னு எங்ககிட்டகூட சொல்லல” என்றார். ஒரு காலண்டர் தாளைக் கிழித்து நம்பரை எழுதிக் கொடுத்தார்.

அந்த நம்பரை மூன்று மாதம் வைத்திருந்தேன். முதலில் வேறொன்றைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. 2012 பொதுக்குழுவில் எழுந்து, நடந்ததை எல்லோர் முன்னாலும் சொன்னேன். செயலாளரை வெளியே உட்காரவைத்துவிட்டு, அவரைக் கேட்காமல், தீர்மானத்துக்கு எதிராக நான் கடிதம் கொடுத்தேன். அதை மறைத்தேன். தலைவர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்றேன்.

பிறகு திட்டக்குடிக்காரர் எழுந்தார்.

“அம்மா, இது எங்களுக்குத் தெரியாதா? ஆர்டர் காப்பி எல்லார்கிட்டயும்தான் இருக்குது. எங்க புள்ளைங்களுக்காவத்தான செஞ்சீங்க? தலைவர்னா சில முடிவ எடுத்துத்தான் ஆவணும். விலகல்லாம் கூடாது.”

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அவர்கள் மன்னிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? யாருக்குத் தீங்கு நடந்ததோ அவள் அந்த அறையில் இல்லை. அவளோடு பட்டியலிலிருந்து விடப்பட்ட மற்ற படிப்பகக்காரர்களும் இல்லை. கூட்டத்தில் இருந்த எல்லோருமே அந்தக் கடிதத்தால் பிழைத்தவர்கள். விலகியே தீருவேன் என்று நின்று, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறொருவரைத் தலைவராகப் போட்டார்கள்.

மறுநாள் காலையில் அவளுக்குப் போன் செய்தேன். அவளே எடுத்தாள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தமும் பெண்பிள்ளைகள் பேசும் சத்தமும் கேட்டன.

“நான்தான்” என்றேன்.

“தெரியுது.”

பொதுக்குழுவில் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், தலைவர் பதவியை விட்டுவிட்டேன் என்றேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்த பிறகு, “எதுக்கு வெலகின?” என்றாள்.

“என்னால அந்த நாற்காலியில உக்கார முடியல.”

“நீ வெலகிட்டதால படிப்பகம் தொறக்கப் போவுதா?”

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“இருந்திருந்தீன்னா மிச்சம் இருக்கறவங்களுக்காவது கேட்டிருப்ப. ஒனக்குத்தான் பேச வரும். இப்ப வந்திருக்கறவருக்கு ஆபீசர் முன்னாடி நிக்கவே தெரியாது. அதையும் நீயாத்தான் முடிவு பண்ணியிருக்க. ஒன் மனசு ஆறணும், அவ்ளோதான்.”

“என்னத் திட்டிடேன்” என்றேன். “நாலு வார்த்த திட்டிடு. கேட்டுக்கறேன்.”

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. “திட்டினா தேவலாம்னு நீ நெனக்கிற. எனக்குக் கோவம்லாம் எப்பவோ போச்சு. ஆனா ஒன் கொரலக் கேட்டா அந்த பெஞ்சுல உக்காந்திருக்கற மாரியே இருக்குது. அதான் கஷ்டமா இருக்குது. நீ நல்லாரு. இனிமே போன் பண்ணாத.”

அந்தப் பக்கம் யாரோ “வார்டன் மிஸ்” என்று கூப்பிட்டார்கள். “தோ வரேன்” என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் திரும்பச் சங்கத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. புதிய தலைவர் நல்ல மனிதர். அவரால் கேட்க முடிந்ததைக் கேட்டார், கிடைக்கவில்லை. அந்த வருஷத்துக்குள் மிச்சமிருந்த படிப்பகங்களில் இரண்டு மூடப்பட்டன. மூடிய செய்தியைச் சொல்ல புவனகிரிப் படிப்பகக்காரர் என் பூங்காவுக்கு வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு, “ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்மா” என்றார். என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நான் இன்னும் அந்த நிரந்தர வேலையில்தான் இருக்கிறேன். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. அவளுடைய நம்பர் என் போனில் இருக்கிறது. அவள் சொன்னபடி, அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.